டெலிவரி பைக்: கையில் விழும் காசெல்லாம் வருமானமா?

புறக்கோட்டையில் எந்தக் கடையில் ஏறினாலும் அண்மைக் காலமாக ஒரே முறைப்பாடுதான். "வேலைக்குப் பொடியன்மார் இல்ல நானா. ரெண்டு மாசம் நிக்கிறான், ஒரு பைக்க எடுத்திட்டு டெலிவரிக்குப் போய்ர்ரான்." மறுபக்கம், வீடுகளில் வாப்பாமார் சொல்வது வேறு விதமாக இருக்கிறது. "கடையில நிக்கிறதுக்கு வெக்கப்பட்டவன், இப்ப ஒரு நாளைக்கு நாலாயிரம் ஐயாயிரம் கொண்டு வாறான். நினைச்சா போறான், நினைச்சா நிக்கிறான்."

இரண்டு பேச்சிலும் உண்மை இருக்கிறது. ஆனால் இரண்டு தரப்பாருமே கணக்குப் பார்க்காமல் பேசுகின்றனர். வியாபாரிகளாகிய நாம் இந்தத் தொழிலையும் ஒரு தடவை நமது கணக்குப் புத்தகத்தில் போட்டுப் பார்ப்பது நல்லது. நமது பிள்ளைகளும் நமது கடைப் பொடியன்மாரும்தான் இதில் ஓடுகிறார்கள்.

வீட்டு வாசலுக்குச் சாமான் கொண்டு போய்க் கொடுப்பது நமக்குப் புதிதல்ல. புறக்கோட்டையின் குறுக்குத் தெருக்களில் நாட்டாமிகள் கைவண்டி தள்ளாவிட்டால் அன்றும் வியாபாரமில்லை, இன்றும் இல்லை. இசை போட்டுக்கொண்டு முச்சக்கர வண்டியில் வரும் சூன் பாண்காரரைத் தெரியாத ஊரும் இல்லை. (அந்த இசை பேதோவன் என்ற ஜெர்மானியருடையது என்பது பாண் வாங்குபவர்களில் எத்தனை பேருக்குத் தெரியுமோ!) புதியது என்னவென்றால், கொடுப்பவனையும் வாங்குபவனையும் ஓடுபவனையும் கைத்தொலைபேசி ஒன்று சேர்த்து வைத்ததுதான். ஜிஃப்ரி சுல்பர் தொடங்கிய பிக்மீ 2015இல் வீதிக்கு வந்தது. அதே ஆண்டின் இறுதியில் ஊபரும் கொழும்பில் இறங்கியது. முதலில் ஆட்களை ஏற்றினார்கள். 2018ஆம் ஆண்டளவில் சாப்பாட்டுப் பார்சலும் அதில் சேர்ந்தது. 2020 மார்ச்சில் ஊரடங்குச் சட்டம் வந்து கடைக் கதவுகள் மூடப்பட்டபோதுதான் இதன் பெறுமதி பலருக்கு விளங்கியது. அதுவரை டெலிவரி என்றாலே கைவிரித்த பலசரக்குக் கடைக்காரர்கள்கூட வாட்ஸ்அப்பில் துண்டு வாங்கி, பாஸ் எடுத்து, வீடு வீடாகச் சாமான் அனுப்பினார்கள். அந்தப் பழக்கம் அப்படியே நின்றுவிட்டது.

சரி, கணக்குக்கு வருவோம்.

டெலிவரி ஓடுபவனுக்கு யாரும் சம்பளம் கொடுப்பதில்லை. நிறுவனத்தின் பார்வையில் அவன் ஊழியனும் அல்ல. பைக் அவனுடையது, பெற்றோல் அவனுடையது, போன் அவனுடையது, டேட்டா அவனுடையது. முதல் போட்டவன் அவன். ஆகவே அவன் ஒரு வியாபாரி, நம்மைப் போலத்தான். ஆனால் நாம் மாலையில் கல்லாப்பெட்டியில் இருப்பதையெல்லாம் இலாபம் என்று வீட்டுக்குக் கொண்டு போவதில்லை. அதில் சரக்கின் முதல் இருக்கிறது, வாடகை இருக்கிறது, கரண்ட் பில் இருக்கிறது. டெலிவரி ஓடும் தம்பிமாரில் பெரும்பாலானவர்கள் பெற்றோலை மட்டும் கழித்துவிட்டு, மிச்சத்தை வருமானம் என்று எண்ணிக்கொள்கிறார்கள்.

ஓர் எடுத்துக்காட்டுக் கணக்கு. நிறுவனத்தின் கமிஷன் போகக் கையில் நாளொன்றுக்கு 4,500 ரூபாய் என்று வைப்போம். மாதத்தில் 26 நாள் ஓடினால் 117,000 ரூபாய். கேட்டால் எந்த வாப்பாவுக்கும் சந்தோசமாகத்தான் இருக்கும். இந்தக் காசுக்கு அவன் வெறும் ஓட்டத்தையும் சேர்த்து நாளுக்கு 135 கிலோமீற்றர் ஓடுகிறான் என்போம். கொழும்பு நெரிசலில் லீற்றருக்கு 45 கிலோமீற்றர் கிடைத்தால் 3 லீற்றர் பெற்றோல். கணக்கு இலகுவாக லீற்றர் 300 ரூபாய் என்று போட்டால் நாளுக்கு 900, மாதத்துக்கு 23,400. மாத ஓட்டம் 3,510 கிலோமீற்றர் என்பதால் மாதத்துக்கு ஒரு தடவைக்கு மேலேயே எஞ்சின் ஒயில் மாற்ற வேண்டும், அதற்கு 3,000. டயர் சோடிக்கென்று மாதம் 3,000 ஒதுக்க வேண்டும். செயின், ஸ்புரொக்கட், பிரேக், கேபிள், கராஜ் பாஸின் கூலி என்று இன்னொரு 3,000. டேட்டாவும், வெயிலிலும் மழையிலும் கெட்டுப் போகும் போனும் சேர்த்து 3,500. காப்புறுதிக்கும் வருமான அனுமதிப்பத்திரத்துக்கும் 1,000.

இனி யாருமே எழுதாத செலவு ஒன்று இருக்கிறது. 6 இலட்சத்துக்கு வாங்கிய பைக் மூன்று வருடத்தில் ஒன்றேகால் இலட்சம் கிலோமீற்றருக்கு மேல் ஓடிவிடும். அந்த மீற்றரைப் பார்த்துவிட்டு யார் நல்ல விலை தருவார்கள்? 240,000க்கு விற்றால் அதிர்ஷ்டம். போன 360,000 ரூபாயை 36 மாதத்துக்குப் பிரித்தால் மாதம் 10,000. இதுதான் தேய்மானம். ஒவ்வொரு நாளும் வீட்டுக்குக் கொண்டுவரும் காசில் பைக்கின் ஒரு துண்டும் இருக்கிறது. அதையும் சேர்த்துச் சாப்பிட்டுவிட்டால், மூன்று வருடத்துக்குப் பின் புதிய பைக்குக்கு மீண்டும் லீசிங் கொம்பனி வாசலில்தான் நிற்க வேண்டும்.

எல்லாம் கூட்டினால் செலவு 46,900. மிஞ்சுவது 70,100 ரூபாய். நாளுக்கு 11 மணித்தியாலம் வீதியில் நின்றதற்கு, ஒரு மணித்தியாலத்துக்கு ஏறத்தாழ 245 ரூபாய். விலைகளும் ஓட்டமும் ஆளுக்கு ஆள், ஊருக்கு ஊர் மாறும். உங்கள் மகனின் எண்களைப் போட்டு நீங்களே பாருங்கள்.

70,000 மோசமான வருமானமல்ல. பல கடைகளில் நாம் கொடுப்பதைவிட அது அதிகம் என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. பொடியன்மார் இல்லை என்று முறைப்பாடு சொல்லும் முதலாளிமார் இந்த இலக்கத்தைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும். ஆனால் வீட்டில் பேசப்படும் 117,000 அல்ல இது.

இப்போது இன்னொருவனை எடுத்துக்கொள்வோம். பகலில் கடையிலோ அலுவலகத்திலோ வேலை. பைக் ஏற்கனவே இருக்கிறது. மாலை 6 மணியிலிருந்து 10 மணி வரை, இராச் சாப்பாட்டு நேரத்தில் மட்டும் ஓடுகிறான். அந்த நேரத்தில் ஓடர் அடுத்தடுத்து விழும், வெறும் ஓட்டம் குறைவு. 50 கிலோமீற்றர் ஓடி 2,000 ரூபாய் எடுத்தால், பெற்றோலுக்கு 333, மேலே சொன்ன ஒயில், டயர், கராஜ், தேய்மானக் கணக்கில் 270 போகிறது. 1,400க்குச் சற்றுக் குறைவாக மிஞ்சும். மணித்தியாலத்துக்கு 350 ரூபாய் அளவில் வருகிறது.

இதை நன்றாகக் கவனியுங்கள். நாள் முழுக்க ஓடுபவனைவிட, நான்கு மணித்தியாலம் ஓடுபவனுக்கு மணிக்கணக்கில் அதிகம் கிடைக்கிறது. காரணம் எளிது. பகல் 12 முதல் 2 வரையும், மாலை 6 முதல் 10 வரையும்தான் உண்மையான வியாபாரம். பிற்பகல் 3 மணிக்கு யார் பிரியாணி கேட்கிறார்கள்? அந்தச் செத்த நேரத்தில் மரநிழலில் பைக்கில் சாய்ந்து போனைப் பார்த்துக்கொண்டிருப்பவர்கள், இதையே முழுத் தொழிலாக்கியவர்கள். தவணை கட்ட வேண்டும் என்பதால் அவர்களால் வீட்டுக்குப் போகவும் முடியாது. "நினைத்த நேரம் வேலை" என்ற வசதி, வேறொரு வருமானத்தில் காலூன்றி நிற்பவனுக்குத்தான் முழுமையாகக் கிடைக்கிறது. மற்றவனுக்கு நேரத்தைத் தீர்மானிப்பது ஊராரின் பசி.

வாரத்தில் ஒரு நாள் நமது பிள்ளைகளுக்கு இது இன்னும் இறுக்கமாக வரும். வெள்ளிக்கிழமை ஜும்ஆவும் பகல் ஓடரும் ஒரே நேரத்தில். போனை அணைத்துவிட்டுப் பள்ளிக்குப் போகலாம், அதை யாரும் தடுக்கவில்லை. ஆனால் அந்த இரண்டு மணித்தியாலக் காசு போனது போனதுதான். அதைக் கணக்கில் முன்கூட்டியே விட்டுவைப்பவன் நிம்மதியாகத் தொழுவான். பார்சலுக்குள் என்ன இருக்கிறது என்ற கேள்வியும் சிலருக்கு உண்டு. ஹலால் அல்லாத உணவுக் கடைகளின் ஓடரை எடுக்கலாமா, எடுக்காவிட்டால் நமது புள்ளி குறையுமே என்று கேட்கிறார்கள். மார்க்கத் தீர்ப்பு சொல்வது எனது வேலையல்ல. பைக் வாங்கிய பிறகல்ல, வாங்குவதற்கு முன்பே உலமாக்களிடம் கேட்டுத் தெளிவு பெறுவதுதான் ஒழுங்கு.

இன்னொன்று, சட்டைப் பையில் இருக்கும் பிறர் பணம். நமது நாட்டில் இன்னும் பலர் கையில் காசு கொடுத்தே பார்சல் வாங்குகிறார்கள். இரவு பத்து மணிக்கு ஓடியவனின் பையில் பன்னிரண்டாயிரம் இருந்தால், அதில் பெரும்பகுதி அவனுடையதல்ல. அது அமானிதம். மறுநாள் நிறுவனத்துக்கோ கடைக்கோ போய்ச் சேர வேண்டியது. இளம் பிள்ளைகள் தடுமாறுவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். இரண்டு பை வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள், ஒன்றில் வசூல், மற்றதில் தன்னுடையது. நமது முன்னோர் இரண்டு கல்லாப்பெட்டி வைத்ததும் இதற்காகத்தான்.

2022ஐ மறந்துவிட்டு இந்தத் தொழிலைப் பேச முடியாது. 2021 டிசம்பரில் 177 ரூபாயாக இருந்த 92 ஒக்டேன் பெற்றோல், 2022 ஜூன் இறுதியில் 470 ரூபாயானது. விலையைவிடக் கொடுமை வரிசை. ஓடிச் சம்பாதிக்க வேண்டியவன் இரவு பகலாக வரிசையில் நின்றான். பின்னர் கியூஆர் முறை வந்தபோது மோட்டார் சைக்கிளுக்குத் தொடக்கத்தில் வாரத்துக்கு 4 லீற்றர். மேலே நான் போட்ட கணக்குப்படி அது ஒன்றரை நாள் ஓட்டத்துக்குக்கூடக் காணாது. பலர் மிதி சைக்கிளில் பார்சல் கொண்டு போனதை நாம் கண்ணால் கண்டோம். அவர்களில் தவணையில் பைக் எடுத்தவர்கள்தான் முதலில் விழுந்தார்கள். எரிபொருளும் மழையும் தவணைக்குத் தெரியாது. வட்டி லீசிங் ஆனாலும், வட்டியில்லா இஜாரா ஆனாலும், மாதத் திகதி மாதத் திகதிதான். ஆகவே புதிதாக இறங்குபவன் கையில் உள்ள காசுக்கு ஒரு பாவித்த பைக்கை, நம்பிக்கையான பாஸ் ஒருவரிடம் காட்டி எடுப்பதே உசிதம். பளபளப்பான பெரிய எஞ்சின் பைக் பெண் பார்க்கப் போவதற்கு நல்லது, பார்சலுக்கு 100, 110 சிசி போதும்.

விபத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். கால் முறிந்தால் தேசிய வைத்தியசாலையில் சிகிச்சை இலவசம். ஆனால் மூன்று மாதம் கட்டிலில் கிடக்கும்போது வீட்டுக்குக் காசு எங்கிருந்து வரும்? ஊழியன் அல்லாதவனுக்குச் சேமலாப நிதியும் இல்லை, சுகவீன விடுமுறையும் இல்லை. ஓடர் எடுத்து ஓடும்போது மட்டும் பொருந்தும் சில காப்புறுதிகளை நிறுவனங்கள் வைத்திருக்கலாம். எது எப்போது பொருந்தும் என்பதைச் சேரும்போதே கேட்டறிய வேண்டும். அதேபோல, பைக்கின் காப்புறுதியை "சொந்தப் பாவனை" என்று எடுத்துவிட்டு வாடகைக்கு ஓடினால், இழப்பீடு கேட்கும் நாளில் கையை விரித்துவிடக்கூடும். தொழிலுக்கு ஓடுவதாகச் சொல்லி, எழுத்தில் போட்டு வாங்குங்கள். தவணை கூடத்தான் வரும்.

கடைசியாக, சொந்தமாக டெலிவரிக்கு ஆள் வைத்திருக்கும் நமது கடைக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. ஆப் நிறுவனத்தின் கமிஷன் தாங்க முடியாமல் பலர் இப்படிச் செய்கிறார்கள், அது கெட்டிக்காரத்தனம்தான். ஆனால் அந்தப் பொடியனுக்கு நேரம் குறித்து, மாதச் சம்பளம் கொடுத்து, நமது சொல்லில் ஓடவிட்டால் அவன் சட்டப்படி நமது ஊழியன். ஒரே ஒருவர் வேலை செய்தாலும் ஊழியர் சேமலாப நிதிக்கு நாம் 12 வீதமும் அவனது பங்காக 8 வீதமும், ஊழியர் நம்பிக்கை நிதிக்கு நாம் 3 வீதமும் கட்ட வேண்டும். வேலையில் அடிபட்டால் 1934ஆம் ஆண்டின் வேலையாட்கள் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம் நம்மைத்தான் தேடி வரும். "சும்மா டெலிவரிக்கு நிக்கிற பொடியன்" என்று தொழில் நியாய சபையில் சொல்லிப் பார்த்தவர்கள் அனுபவப்பட்டிருக்கிறார்கள்.

ஒரு கடைக்கு முழுநேர ஆள் கட்டாது என்றால், ஒரே வீதியில் உள்ள மூன்று கடைகள் சேர்ந்து ஒருவனை வைக்கலாம். காலையில் பலசரக்குக் கடை, பகலில் சாப்பாட்டுக் கடை, மாலையில் பாமசி. மூவரின் வேலை நேரமும் ஒன்றோடொன்று முட்டாது. அவனுக்கும் அந்தச் செத்த நேரம் இராது. சம்பளத்தை யார் எவ்வளவு பங்கு, சேமலாப நிதி யார் பெயரில், விபத்து நடந்தால் யார் பொறுப்பு என்பதை மட்டும் முதல் நாளிலேயே ஒரு கடதாசியில் எழுதிக் கையொப்பம் வைத்துக்கொள்ளுங்கள். பைக்கின் மீற்றரை தினமும் இரவில் ஒரு கொப்பியில் குறித்து வைக்கச் சொல்லுங்கள். எந்தக் கடைக்கு எத்தனை கிலோமீற்றர் என்ற தகராறு வரும்போது அந்தக் கொப்பிதான் பேசும்.