அக்கரையில் படித்த பிள்ளையின் ஒரு நாள்



"ஆட்டமும் பாட்டும் ஒரு படிப்பாங்கய்யா? அதுக்குக் கடல் தாண்டிப் போகணுமா?" ஒரு தகப்பனார் என் ஆபீசுக்கு வந்து கேட்ட கேள்வி இது. மகள் உயர்தரத்தில் பரதநாட்டியமும் ஒரு பாடமாக எடுத்துப் பாஸ் பண்ணியிருக்கிறாள். மேலே படிக்க ஆசைப்படுகிறாள். அப்பாவுக்குப் பயம். அன்றைக்கு என்னால் சரியான பதில் சொல்ல முடியவில்லை. நானும் சாதாரண தரம் மட்டும் படித்தவன்தானே.

பிறகு ஒரு வேலையாக யாழ்ப்பாணம் போனேன். மருதனார்மடத்தில் ஒரு நடன டீச்சரைச் சந்தித்தேன். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் சங்கீத, நடனப் படிப்பு நடப்பது அந்த ஊரில்தான். டீச்சர் 1990களில் சென்னை கலாஷேத்திராவில் படித்தவர். அது ருக்மணி தேவி அருண்டேல் 1936ல் தொடங்கிய கலைக்கல்லூரி. 1993ஆம் ஆண்டுச் சட்டத்தின் மூலம் இந்தியப் பாராளுமன்றம் அதைத் தேசிய முக்கியத்துவம் உள்ள நிறுவனமாக்கியது. "அங்கே ஒரு நாள் எப்படிப் போகும் டீச்சர்?" என்று கேட்டேன்.

"விடிய வெள்ளன எழும்ப வேணும் தம்பி. குளிச்சு, பருத்திச் சேலை கட்டி, ஆலமரத்தடிக்குப் போவம். அங்கதான் காலை வழிபாடு. அதுக்குப் பிறகு அடவு வகுப்பு" என்றார்.

அடவு என்றால் நடனத்தின் அரிச்சுவடி. முழங்காலை மடித்து அரைமண்டியில் நிற்க வேண்டும். ஆசிரியர் தட்டுக்கழியால் தாளம் தட்டுவார். ஒரே அடவை மெதுவாக, அதைவிட வேகமாக, இன்னும் வேகமாக என்று மூன்று காலத்திலும் ஆட வேண்டும். முதல் வருசம் பெரும்பாலும் இதே வேலைதானாம். கால் வலியில் அழுத நாளும் உண்டு என்றார்.

நமக்கு இது புதிதல்ல. ரெண்டு இலை ஒரு மொட்டு என்று கிள்ளப் பழக உங்கள் கைக்கு எத்தனை நாள் எடுத்தது?

ஆடுவதோடு படிப்பு முடியவில்லை. வாய்ப்பாட்டு படிக்க வேண்டும். தாளக்கணக்கு படிக்க வேண்டும். பாட்டுகளில் பல தெலுங்கிலும் சமஸ்கிருதத்திலும் இருப்பதால் பொருள் தெரிந்து ஆட வேண்டும். பின்னேரம் மூத்த மாணவர்களின் ஒத்திகையைப் பார்த்துக் கற்பார்கள். மார்கழி வந்தால் கலைவிழா. காலையில் புத்தகத்தில் படித்ததை இரவில் மேடையில் கண்ணால் பார்ப்பார்கள். அதனால்தான் கலைநிகழ்ச்சி அங்கே பொழுதுபோக்கு இல்லை, அதுவும் பாடம்.

"பெரிய கஸ்டம் எது டீச்சர்?" என்றேன்.

"வீட்டுச் செய்திதான் தம்பி. 1990க்குப் பிறகு ஆனையிறவுப் பாதை பூட்டுப்பட்டிட்டுது. கிளாலியில இருட்டில வள்ளம் ஏறித்தான் சனம் வெளியில வந்தது. அம்மா உயிரோட இருக்கிறாவோ எண்டு தெரியாமலே நான் ஆடியிருக்கிறன்."

இன்றைக்கு அந்த நிலை இல்லை. 2019ல் பலாலி சர்வதேச விமான நிலையமானது. 2023ல் காங்கேசன்துறை – நாகப்பட்டினம் கப்பல் ஆரம்பித்தது. காலநிலை பார்த்து இடையிடையே நிற்கும். நம் பாட்டன் பூட்டன் மன்னார் வழியாக நடந்து வந்த தூரத்தை நினைத்தால் இது எம்மாத்திரம்?

இனி, பெற்றோர் கவனிக்க வேண்டியவை:

1. நடனம், சங்கீதம் படித்தவர்கள் பள்ளிக்கூடங்களில் அழகியற் பாட ஆசிரியராகலாம்.

2. முதல் கதவு உள்நாட்டில்தான். யாழ்ப்பாணத்திலும் மட்டக்களப்பிலும் பட்டப்படிப்பு உண்டு. ஆனால் உயர்தர மார்க் மட்டும் போதாது. செயன்முறைத் தேர்வுக்குத் தனியாக விண்ணப்பிக்க வேண்டும். இது தெரியாமல் இடத்தை விட்ட பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன்.

3. இந்திய அரசு, ஐ.சி.சி.ஆர். எனும் கலாசார உறவுப் பேரவை வழியாக வெளிநாட்டு மாணவருக்குப் புலமைப்பரிசில் கொடுக்கிறது. நடனம், சங்கீதம் படிக்கவும் இடமுண்டு. மருத்துவத்துக்கு இல்லை. கண்டியிலுள்ள இந்திய உதவி உயர்ஸ்தானிகராலயத்தில் விசாரிக்கலாம். புரோக்கருக்குக் காசு கொடுக்க வேண்டாம்.

4. எந்தக் கல்லூரியானாலும், பிள்ளைக்கு ஒரு குறை, ஒரு தொல்லை என்றால் யாரிடம் சொல்வது என்று போகுமுன்பே கேட்டு வையுங்கள். பிள்ளை சொன்னால் நம்புங்கள்.

ஊர் திரும்பியதும் அந்தத் தகப்பனாரின் லயத்துக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னேன். தேத்தண்ணியைக் குடித்தபடி கேட்டுக்கொண்டிருந்தார். "சென்னையெல்லாம் பொறகு பாப்போம்ங்கய்யா. மொதல்ல யாழ்ப்பாணத்துக்குப் போடுவோம்" என்றார். செயன்முறைத் தேர்வு விண்ணப்பத்தை மகள் நிரப்பினாள். அப்பா பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார்.

உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு பிள்ளை இருந்தால், கடைசித் தேதி போகுமுன் ஆபீசுக்கு வாருங்கள்.