பெயர் வைக்கப்படாத மழை

கரையும் கடலும் – 7

மழைமானியில் காலை எட்டரை மணிக்கு அளவெடுப்பது இந்திய வானிலை ஆய்வுத் துறையின் வழக்கம். முந்தைய நாள் எட்டரையில் தொடங்கி அன்று எட்டரை வரை பெய்ததுதான் அந்த நாளின் கணக்கு. 2023 டிசம்பர் 18, திங்கட்கிழமை காலை எடுத்த கணக்கில் காயல்பட்டினத்துக்கு நேராக 95 சென்டிமீட்டர் என்று பதிவானது. பக்கத்துத் திருச்செந்தூரில் 69. ஸ்ரீவைகுண்டத்தில் 62. தூத்துக்குடி மாவட்டத்துக்கு ஓர் ஆண்டு முழுக்கக் கிடைக்கும் சராசரி மழையே 70 சென்டிமீட்டரை எட்டாது.

ஒரு சதுர கிலோமீட்டர் நிலத்தில் ஒரு சென்டிமீட்டர் மழை பெய்தால் அது ஒரு கோடி லிட்டர் தண்ணீர். அப்படியானால் காயல்பட்டினத்தில் ஒவ்வொரு சதுர கிலோமீட்டரிலும் ஒரே நாளில் விழுந்தது 95 கோடி லிட்டர். தலைக்கு மேல் விழுந்த கணக்கு மட்டும்தான் இது. மேட்டிலிருந்தும் ஆற்றிலிருந்தும் வந்து சேர்ந்த வெள்ளம் தனி.

இந்த மழைக்குப் பெயர் கிடையாது.

அதற்குச் சரியாக இரண்டு வாரங்களுக்கு முன்புதான் சென்னையை 'மிக்ஜாம்' புயல் முடக்கிப் போட்டிருந்தது. புயல் வருவதற்கு முன்பே பெயர் வந்துவிட்டது. பால் பாக்கெட்டும் மெழுகுவத்தியும் வாங்கி வைத்தார்கள். புயல் ஆந்திரத்தின் பாபட்லா அருகே டிசம்பர் 5 அன்று கரை கடக்கும் வரை தொலைக்காட்சிகள் அதன் பாதையை விடாமல் காட்டிக்கொண்டிருந்தன. தெற்கே வந்ததோ 'குமரிக்கடல் பகுதியில் நிலவும் வளிமண்டல மேலடுக்குச் சுழற்சி.' வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் வானொலியில் நாள் தவறாமல் காதில் விழும் வாசகம் அது. அதைக் கேட்டுவிட்டு யாரும் அரிசி, பருப்பைப் பரணில் ஏற்றி வைப்பதில்லை.

புயலுக்குப் பெயர் வைக்கும் முறையைப் பார்த்தால் இந்த வேறுபாட்டின் காரணம் புரியும். வட இந்தியப் பெருங்கடலில் உருவாகும் புயல்களுக்கு 2004 முதல் பெயர் சூட்டப்படுகிறது. இப்போது 13 நாடுகள் தந்த பட்டியலிலிருந்து டெல்லியில் உள்ள மண்டல மையம் வரிசைப்படி பெயரை எடுக்கிறது. சுழற்சியின் காற்று மணிக்கு 62 கிலோமீட்டர் வேகத்தைத் தொட்டால்தான் பெயர். அதற்குக் கீழே இருந்தால் காற்றழுத்தத் தாழ்வுப் பகுதி, தாழ்வு மண்டலம், ஆழ்ந்த தாழ்வு மண்டலம் என்ற பொதுப் பெயர்களோடு நின்றுவிடும். துறைமுகங்களில் ஏற்றப்படும் எச்சரிக்கைக் கூண்டுகளும் காற்றை வைத்து வந்த ஏற்பாடுதான். எத்தனை சென்டிமீட்டர் மழையைக் கொட்டும் என்பதற்கு இந்த இரண்டிலும் இடமில்லை.

கரையோரத்து மக்களை வெள்ளத்தில் தள்ளுவது பல சமயம் காற்று அல்ல, மழைதான். 2015 டிசம்பர் 1 அன்று தாம்பரத்தில் 49 சென்டிமீட்டரும் செம்பரம்பாக்கத்தில் 47 சென்டிமீட்டரும் கொட்டி அடையாற்றங்கரையை மூழ்கடித்த மழைக்கும் பெயர் இல்லை. அடுத்த ஆண்டே டிசம்பர் 12 அன்று சென்னையில் கரை கடந்த 'வர்தா'வுக்குப் பெயர் இருந்தது. வர்தா ஆயிரக்கணக்கான மரங்களைச் சாய்த்தது. ஆனால் உயிரும் உடைமையும் அதிகம் போனது பெயரில்லாத வெள்ளத்தில்தான்.

தூத்துக்குடியில் நடந்ததைப் படிப்படியாகப் பார்க்கலாம். வங்கக் கடலின் ஈரத்தைச் சுமந்து வந்த கிழக்குக் காற்றைக் குமரிக்கடல் சுழற்சி கரையை நோக்கி இழுத்தது. மேற்கே மலைத்தொடர் குறுக்கே நிற்கிறது. சுழற்சியோ வேகமாக நகரவில்லை. நகராத சுழற்சி எவ்வளவு பலவீனமானதாக இருந்தாலும் ஒரே இடத்தில் மணிக்கணக்காக மேகத்தைக் குவிக்கும். வேகமாகக் கடந்து போகும் பெரும்புயலைவிட, அசையாமல் நிற்கும் சிறு சுழற்சி அதிக மழையைக் கொட்டிவிட முடியும். டிசம்பர் 17, ஞாயிற்றுக்கிழமை பகலிலும் இரவிலும் அதுதான் நடந்தது.

அதே நேரம் மலையிலும் மழை. மாஞ்சோலையில் மட்டும் 55 சென்டிமீட்டர். பொதிகையில் பிறக்கும் தாமிரபரணி, திருநெல்வேலி வழியாக இறங்கி, எட்டு அணைக்கட்டுகளில் கடைசியான ஸ்ரீவைகுண்டத்தைத் தாண்டி, புன்னைக்காயல் அருகே கடலில் கலக்கிறது. இந்தக் கடைசிப் பகுதியில் நிலம் தட்டையானது. வாழைத் தோட்டம், நெல் வயல், உப்பளம் என்று விரிந்து கிடப்பது. ஆற்றின் இருபுறமும் கால்வாய்களால் கோக்கப்பட்ட குளங்கள் உண்டு. ஒரு குளம் நிறைந்தால் மறுகால் பாய்ந்து அடுத்த குளத்துக்குப் போகும். சாதாரண ஆண்டில் ஊரை வாழவைக்கும் ஏற்பாடு இது. மேல்குளத்தின் கரை உடைந்தாலோ கீழ்க்குளம் தாங்காது. அன்றிரவு பல குளங்கள் உடைந்தன. கோரம்பள்ளம் குளம் உடைந்து தூத்துக்குடி நகருக்குள் வெள்ளம் புகுந்தது. ஏரலைச் சுற்றியிருந்த ஊர்கள் சாலை, மின்சாரம், கைப்பேசித் தொடர்பு எதுவுமின்றி நாள்கணக்கில் தனித்துக் கிடந்தன.

ஸ்ரீவைகுண்டம் ரயில் நிலையத்தில் நடந்ததைத் தமிழகமே பார்த்தது. அன்றிரவு திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குக் கிளம்பிய செந்தூர் எக்ஸ்பிரஸ் அங்கே நிறுத்தப்பட்டது. ஏறத்தாழ 800 பயணிகள். நிறுத்தியதால்தான் உயிர் தப்பினார்கள். ஸ்ரீவைகுண்டத்துக்கும் செய்துங்கநல்லூருக்கும் நடுவே வெள்ளம் ஜல்லியை அடியோடு வாரிக்கொண்டு போயிருந்தது. ஸ்லீப்பர் கட்டைகளைச் சுமந்தபடி தண்டவாளம் மட்டும் அந்தரத்தில் தொங்கியது. அதன்மேல் ரயில் ஏறியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே நெஞ்சு பதறும். சுமார் 300 பேர் பக்கத்துப் பள்ளிக்கூடத்துக்கு மாற்றப்பட்டார்கள். மற்றவர்கள் ரயிலிலும் நடைமேடையிலும் தங்கினார்கள். ஹெலிகாப்டர் வந்து உணவுப் பொட்டலம் போடுவதற்கு முன்பே, தங்கள் ஊரையே வெள்ளம் சூழ்ந்திருந்த நிலையிலும், அக்கம்பக்கத்துக் கிராமத்தார் கையிலிருந்த அரிசியை எடுத்துச் சமைத்துப் போட்டார்கள். டிசம்பர் 19 அன்றுதான் பயணிகள் மீட்கப்பட்டு, வாஞ்சி மணியாச்சியிலிருந்து சிறப்பு ரயிலில் சென்னைக்கு அனுப்பப்பட்டார்கள்.

பெயர் வந்தாலும் நேரம் கடந்து வந்தால் பயனில்லை என்பதற்கு இதே தென்கரையில் ஓர் உதாரணம் உண்டு. 2017 நவம்பர் 29 அன்று இலங்கைக்குத் தென்கிழக்கே ஒரு தாழ்வு மண்டலம் உருவானது. 30-ம் தேதி காலை குமரிக்கடலில் அது 'ஒக்கி' புயலாகிவிட்டது. இடைவெளி ஒரே நாள். தூத்தூர், வள்ளவிளை, சின்னத்துறை, நீரோடி போன்ற குமரி மாவட்டக் கடற்கரை ஊர்களிலிருந்து தங்கு கடல் தொழிலுக்குப் போனவர்கள் அதற்குப் பல நாள் முன்பே கரையை விட்டிருந்தார்கள். சுறாவும் சூரையும் தேடிப் பல நூறு கிலோமீட்டர் ஆழ்கடலுக்குள் செல்கிறவர்கள் அவர்கள். படகிலிருந்த வயர்லெஸ் கருவிக்குக் கரையிலிருந்து சில பத்து கிலோமீட்டருக்கு மேல் எட்டும் சக்தி இல்லை. கரையில் வெளியான எச்சரிக்கை அவர்கள் காதுக்குப் போய்ச் சேர வழியே இருக்கவில்லை. தப்பிய படகுகள் லட்சத்தீவிலும் மகாராஷ்டிராவிலும் குஜராத்திலும் கரை ஒதுங்கின. தமிழகமும் கேரளமும் சேர்த்து இறந்தவர்களும் திரும்பி வராதவர்களும் நூற்றுக்கணக்கில். செயற்கைக்கோள் வழியாகச் செய்தி பெறவும் அனுப்பவும் உதவும் இஸ்ரோவின் டிரான்ஸ்பாண்டர் கருவிகள் இன்று படகுகளில் பொருத்தப்படுகின்றன. அந்தக் கருவிகள் அன்று இருந்திருந்தால் எத்தனையோ பேர் முன்கூட்டியே கரை திரும்பியிருப்பார்கள்.

மழை எச்சரிக்கையிலும் இப்படி ஒரு குறை அடைக்கப்படாமல் இருக்கிறது. வானிலைத் துறையின் அளவுகோலில் ஏழு சென்டிமீட்டர் முதல் கனமழை, பன்னிரண்டு முதல் மிக கனமழை, இருபத்தொன்றைத் தொட்டால் அதி கனமழை. அதற்கு மேல் படி கிடையாது. 21 சென்டிமீட்டருக்கும் சிவப்பு எச்சரிக்கைதான், 95 சென்டிமீட்டருக்கும் அதே சிவப்புதான். தூத்துக்குடி வெள்ளத்துக்குப் பிறகு, எச்சரிக்கை போதுமானதாக இருந்ததா என்று மாநில அரசுக்கும் மத்திய அரசுக்கும் இடையே வாதம் நடந்தது. யார் சரி என்பதைவிட முக்கியமான ஒன்று உண்டு. இத்தனை சென்டிமீட்டர் பெய்யும் என்று சொல்வதோடு நிற்காமல், பெய்தால் எந்தக் குளம் உடையும், எந்தப் பாலம் முழுகும், எந்தத் தெரு எத்தனை அடித் தண்ணீரில் நிற்கும் என்பதை முந்தைய நாளே ஊராருக்குச் சொல்லும் ஏற்பாடு வேண்டும். வானிலையும் நீர்வளமும் வருவாயும் தனித்தனித் துறைகளாகப் பேசிக்கொண்டிருக்கும் வரை அது வராது.

அதுவரை வாசகர்கள் செய்யக்கூடியது உண்டு. கரையோர மாவட்டத்தில் இருப்பவர்கள் அக்டோபர் பிறப்பதற்கு முன் உங்கள் ஊர்க் குளத்தின் கரையை ஒருமுறை நடந்து பாருங்கள். மதகும் மறுகாலும் அடைபட்டிருந்தால் கிராம சபையில் எழுந்து கேளுங்கள், மனுவாக எழுதிக் கொடுங்கள். வானொலியில் 'மேலடுக்குச் சுழற்சி' என்று காதில் விழும்போது, புயல் இல்லை என்று நிம்மதி அடைந்துவிடாதீர்கள். காயல்பட்டினத்தில் 95 சென்டிமீட்டரைக் கொட்டியது அதுதான்.

(தொடரும்)