கண்ணில் நீர் வற்றலாமா?

ஊரப்பாக்கம் ரயில் நிலையத்தில் காலை வேளையில் சிறிது நேரம் நின்று பார்ப்போருக்கு ஒரு காட்சி தவறாமல் தென்படும். சென்னைக்குச் செல்லும் மின்சார ரயிலுக்காகக் காத்து நிற்போரில் பெரும்பாலோர் தலை குனிந்து கைப்பேசியையே நோக்கிக்கொண்டிருப்பர். காரியாலயம் சேர்ந்தபின் கம்ப்யூட்டர்த் திரை. மாலையில் மீண்டும் கைப்பேசி. இடையே ஜி.எஸ்.டி. சாலையின் புழுதியும், குளிர்சாதன அறையின் வறண்ட காற்றும். இரவு வீடு திரும்புகையில் கண் எரிகிறது, மணல் விழுந்தாற்போல் உறுத்துகிறது என்று இவர்கள் முறையிடுவதில் வியப்பு என்ன?

கண்ணீர் துக்கத்திற்கு மட்டுமே உரியது என்று நினைப்பது பிழை. நாம் விழித்திருக்கும் நேரமெல்லாம் மெல்லிய நீர்ப்படலம் ஒன்று கருவிழியைப் போர்த்துக் காக்கின்றது. அதன் அடியில் பசைபோன்ற வழுவழுப்பு, நடுவே நீர், மேலே அந்நீர் ஆவியாகிவிடாமல் தடுக்கும் எண்ணெய். இவ்வெண்ணெயைச் சுரப்பவை இமையோரத்துச் சிறு சுரப்பிகள். இமை மூடித் திறக்குந்தோறும் படலம் புதிதாகப் பரவுகிறது. சாதாரணமாக நிமிஷத்திற்குப் பதினைந்து முறை அளவில் இமைக்கும் நாம், திரையில் ஆழ்ந்துவிட்டால் அதிற் பாதிகூட இமைப்பதில்லை. படலம் கிழிகிறது, கண் வறள்கிறது. விந்தை என்னவெனில், வறண்ட கண்ணிலிருந்தே சில சமயம் நீர் தாரையாய் வழியும். உறுத்தலைத் தாளாமல் கண் பெருக்கும் அந்த நீரில் எண்ணெய்ச் சத்துப் போதாமையால் அது நிலைத்து நிற்பதில்லை. ஆகவே, நீர் வழிகிறதே, வறட்சி எப்படி இருக்கும் என்று ஏமாறலாகாது.

நிவாரணத்திற்குப் பெரும் பொருட்செலவு வேண்டியதில்லை. இருபது நிமிஷத்திற்கு ஒரு முறை, இருபது அடிக்கு அப்பாலுள்ள பொருளை இருபது விநாடி நோக்குக. இமைகளை நன்றாக மூடித் திறக்குக. திரை கண்ணின் மட்டத்திற்குச் சற்றுக் கீழே இருக்கட்டும். விசிறிக் காற்று முகத்தில் நேரே அடிக்க வேண்டாம். இரு சக்கர வண்டியில் செல்வோர் கண்ணாடி அணிக. சுத்தமான துணியை இளஞ்சூடான நீரில் நனைத்துப் பிழிந்து, மூடிய இமைமேல் ஐந்து முதல் பத்து நிமிஷம் வைத்தால், உறைந்த எண்ணெய் இளகும். கண்ணைக் கசக்குதல் கூடாது. குழந்தைகளின் கண் வறட்சிக்கு வைட்டமின் ஏ குறைவும் ஒரு காரணம். முற்றினால் பார்வையையே பறித்துவிடும். அதைத் தடுக்கவே 1970-இல் இந்திய அரசாங்கம் வைட்டமின் ஏ வழங்கும் திட்டத்தைத் தொடங்கிற்று. கீரையையும் பப்பாளியையும் மலிவுப் பண்டமென்று இகழ்வது பேதைமை.

இனி, மருந்தைப் பற்றி ஒரு வார்த்தை. இதற்கு உதாரணம் தேடி நாம் வெகுதூரம் போக வேண்டியதில்லை. 2023-இல் அமெரிக்காவில் செயற்கைக் கண்ணீர்த் துளிகளால் கொடிய கிருமித் தொற்று பரவிற்று. 81 பேர் பாதிக்கப்பட்டனர், 14 பேர் பார்வை இழந்தனர், நால்வர் மாண்டனர். அத்துளிகள் தயாரானது நமது செங்கற்பட்டு ஜில்லாவில், திருப்போரூரை அடுத்த ஆலத்தூர்த் தொழிற்பேட்டையில்! தாம் சோதித்த, உடைக்காத புட்டிகளில் கிருமி இல்லையென்று நம் மாநில அதிகாரிகள் கூறினர். தொழிற்சாலையைப் பார்வையிட்ட அமெரிக்க அதிகாரிகளோ சுத்தத்தில் பல குறைகளைச் சுட்டிக் காட்டினர். சரக்கு திரும்பப் பெறப்பட்டது. சுதேசிப் பொருள் உலகச் சந்தையில் மதிப்புப் பெற வேண்டுமென்று விரும்பும் நாம், அம்மதிப்பு சுத்தத்தையும் நாணயத்தையுமே பொறுத்ததென்பதை மறக்கலாமா? அயல்நாட்டார் கண்ணுக்கு வேண்டிய கண்டிப்பு நம்மவர் கண்ணுக்கும் வேண்டாமா?

வாங்குவோர்க்கும் பொறுப்புண்டு. காலாவதித் தேதி பாராமல் வாங்குவதும், ஒருவர் புட்டியை மற்றவர் உபயோகிப்பதும், திறந்து பல மாதமானதை விடுவதும், புட்டியின் நுனியைக் கண்ணில் படவிடுவதும் ஆபத்தே. தினம் நான்கு முறைக்கு மேல் துளி வேண்டுவோர், பதனப்பொருள் கலவாததைக் கேட்டு வாங்குதல் நலம். சிவப்பு உடனே மறையுமென்று சீட்டின்றி ஸ்டீராய்டு மருந்து வாங்கி நெடுநாள் விடுவோர்க்குக் கண்ணில் அழுத்தம் ஏறிப் பார்வை மங்கக்கூடும். தேன், தாய்ப்பால், விளக்கெண்ணெய் இவற்றைக் கண்ணில் விடும் வழக்கமும் ஒழிய வேண்டும். கிருமிக்குப் பழமை தெரியாது.

வலி, பார்வை மங்கல், வெளிச்சம் தாளாமை ஆகியவை தோன்றினால் தாமதியாது வைத்தியரிடம் செல்க. இமையோரம் ஒரு காகிதத் துண்டை ஐந்து நிமிஷம் வைத்து ஈரத்தை அளக்கும் எளிய சோதனையை ஷிர்மர் என்ற ஜெர்மானிய வைத்தியர் 1903-லேயே வகுத்துவிட்டார். 1819-இல் தோன்றிய அரசினர் கண் ஆஸ்பத்திரி இன்று எழும்பூரில் உள்ளது. ஊரப்பாக்கத்தில் ஏறும் அதே ரயில் அங்கே நிற்கிறது.

தொழிலாளர் நலம் பேசும் நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள்: கூலியையும் வேலை நேரத்தையும் பற்றிக் கிளர்ச்சி செய்வதுபோல, திரைமுன் உழைப்போரின் கண்ணுக்கு ஓய்வு கேட்டும் குரல் எழுப்புங்கள். மணிக்குச் சில நிமிஷ ஓய்வால் எந்த முதலாளியும் ஏழையாகிவிடமாட்டார். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் செய்து பயனென்ன?