வேட்டைக்காரர்கள் கேட்கும் கணக்கு

அமெரிக்காவில் ஒருவர் வேட்டைத் துப்பாக்கியோ தோட்டாவோ வாங்கினால், அந்த விலைக்குள் காட்டுயிர்களுக்கான பங்கும் அடங்கியிருக்கிறது. 1937-இல் வந்த பிட்மன்–ராபர்ட்சன் சட்டப்படி வேட்டைத் துப்பாக்கிகளுக்கும் தோட்டாக்களுக்கும் 11 சதவீதம் கலால் வரி உண்டு. 1950-இல் டிங்கெல்–ஜான்சன் சட்டம் மீன்பிடிச் சாமான்களையும் இதே வழிக்குக் கொண்டுவந்தது. இந்த வரி ஒன்றிய அரசுக்குப் போய், மாநிலக் காட்டுயிர்த் துறைகளுக்குப் பிரித்துத் தரப்படுகிறது. வேட்டை, மீன்பிடி லைசென்ஸ் கட்டணமோ நேராக மாநிலத்துக்கே போகிறது. பல மாநிலங்களில் அந்தத் துறை ஓடுவதே பெரும்பாலும் இந்த இரண்டு வரவுகளை நம்பித்தான்.

வேட்டையைச் சட்டம் போட்டுத் தடுத்திருக்கும் நாட்டில் வாழும் நமக்கு இந்த ஏற்பாடு விநோதமாகத் தோன்றலாம். ஆனால், "நாங்கள் கட்டிய பணம் எங்கே போனது, முடிவை யார் எடுத்தது?" என்று அங்குள்ள வேட்டைக்காரர்களும் தூண்டில்காரர்களும் கேட்பது நமக்குப் புரியாத கேள்வி இல்லை.

பணத்தைப் பொறுத்தவரை சட்டம் கறாராக இருக்கிறது. லைசென்ஸ் கட்டணத்தை மீன், காட்டுயிர்த் துறையின் நிர்வாகத்தைத் தவிர வேறெதற்கும் தொடமாட்டோம் என்று மாநிலம் சட்டம் இயற்றியிருந்தால்தான் ஒன்றிய நிதி வரும். பட்ஜெட் பற்றாக்குறையைச் சமாளிக்கச் சட்டமன்றம் அதில் கை வைத்தால், எடுத்ததைத் திருப்பி வைக்கும்வரை நிதி நின்றுபோகும். ஒன்றியத் தணிக்கையாளர்கள் மாநிலம் மாநிலமாகப் போய்க் கணக்குப் பார்க்கிறார்கள். துப்பாக்கி வரியில் மாநிலத்துக்கு வரும் முக்கியப் பங்கில் பாதி நிலப்பரப்பைப் பொறுத்தது. மீதிப் பாதி லைசென்ஸ் வைத்திருப்பவர்களின் எண்ணிக்கையைப் பொறுத்தது. அதனால் ஒருவரே மூன்று லைசென்ஸ் வைத்திருந்தாலும் அவரை ஒரு ஆளாகத்தான் எண்ண வேண்டும் என்பது வரை விதி இருக்கிறது.

சிக்கல் முடிவெடுப்பதில்தான். இந்த ஆண்டு எத்தனை மான் சுடலாம், ஓர் ஏரியில் ஒருவர் எத்தனை மீன் பிடிக்கலாம் என்பதை யார் தீர்மானிப்பது? விஸ்கான்சின் மாநிலத்தைப் பார்த்தால் இது நன்றாக விளங்கும். 1934 முதல் அங்கே 'கன்சர்வேஷன் காங்கிரஸ்' என்ற மக்கள் அமைப்பு இயங்குகிறது. 72 கவுண்டிகளிலும் ஏப்ரலில் கருத்துக் கேட்பு நடக்கும். ஊர்க்காரர் யாரும் வாக்களிக்கலாம். ஆனால் அது ஆலோசனை மட்டுமே. கொள்கை வகுப்பது ஏழு பேர் கொண்ட இயற்கை வள வாரியம். உறுப்பினர்களை ஆளுநர் நியமிப்பார், செனட் உறுதி செய்ய வேண்டும். முன்பு துறைச் செயலாளரையும் இந்த வாரியமே நியமித்தது. 1995-இல் அந்த அதிகாரம் ஆளுநரிடம் போனது. துறை அரசியல்வாதிகளின் கைக்குள் போய்விட்டது என்று வேட்டை, மீன்பிடிச் சங்கங்கள் அன்றிலிருந்து குறைபட்டுக்கொண்டன. அதை மீட்கும் மசோதா 2009-இல் சட்டமன்றத்தில் நிறைவேறியும், ஆளுநர் வீட்டோ செய்துவிட்டார்.

அடுத்த சண்டை மான் கணக்கைப் பற்றியது. அப்போதெல்லாம் சுட்ட மானை வண்டியில் ஏற்றிப் பதிவு நிலையத்துக்குக் கொண்டுபோக வேண்டும். ஊழியர்கள் அங்கே ஒரு பகுதி மான்களின் தாடையைத் திறந்து, பல் தேய்மானத்தை வைத்து வயதைக் குறிப்பார்கள். ஆண், பெண், வயது, சுடப்பட்ட எண்ணிக்கை இவற்றை வைத்துக் காட்டில் மீதி எத்தனை மான் என்று துறை மதிப்பிடும். "நாள் முழுக்க மரத்தில் உட்கார்ந்தும் ஒரு மான் கண்ணில் படவில்லை, நீங்கள் லட்சக்கணக்கில் சொல்கிறீர்களே" என்பதுதான் வேட்டைக்காரர்களின் புகாராக இருந்தது. வெளியிலிருந்து வல்லுநரை அழைத்து ஆராய்ந்தபின், 2014 முதல் ஒவ்வொரு கவுண்டியிலும் மான் ஆலோசனைக் குழு அமைந்தது. விவசாயி, வனத்துறை ஆள், சுற்றுலாக்காரர், வேட்டைக்காரர் எல்லோரும் அதே எண்களை எதிரில் வைத்துக்கொண்டு பொதுமக்கள் முன்னால் பேசுகிறார்கள். இதுவரை நடந்ததில் இதைத்தான் நல்ல மாற்றம் என்பேன்.

ஆனால் பொறுப்புக்கூறல் எல்லாத் திசையிலும் இருக்க வேண்டும். 2021 பிப்ரவரியில் விஸ்கான்சினில் ஓநாய் வேட்டை நடந்தது. மொத்த வரம்பு 200. அதில் 81 ஒஜிப்வே பழங்குடிகளின் பங்கு. ஓநாயை உடன்பிறப்பாகக் கருதும் அவர்கள் வேட்டையாடவில்லை. மற்றவர்களுக்கு 119. மூன்று நாள் முடிவதற்குள் 218 ஓநாய்கள் கொல்லப்பட்டுவிட்டன. வேட்டையை நிறுத்த 24 மணி நேரம் முன்னறிவிப்பு தர வேண்டும் என்ற சட்டமும் இதற்கு ஒரு காரணம். அடுத்த பருவத்துக்கு 130 போதும் என்று துறை சொல்ல, வாரியம் 300 என்று நிர்ணயித்தது. நீதிமன்றம் அந்த வேட்டையை நிறுத்தியது.

அந்த வாரியத்தின் தலைவர் ஃபிரெடரிக் ப்ரெனின் பதவிக்காலம் 2021 மே மாதமே முடிந்திருந்தது. புதியவரைச் செனட் உறுதி செய்யாததால் அவர் இடத்தை விடவில்லை. மாநில உச்ச நீதிமன்றம் 2022-இல் 4–3 என்ற கணக்கில் அவர் நீடிக்கலாம் என்றது. அந்த ஆண்டின் கடைசியில்தான் விலகினார். சட்டப்படி சரி என்றாலும், பதவிக்காலம் முடிந்த ஒருவரை அனுப்ப வழியில்லாத வாரியத்திடம் யார் கணக்குக் கேட்க முடியும்? தங்களுக்குச் சாதகமான முடிவு வந்தபோதும் வேட்டைக்காரர்கள் இதைக் கேட்டிருக்க வேண்டும். லைசென்ஸ் எடுத்தவருக்குத் தன் பணம் பற்றிக் கேட்க முழு உரிமை உண்டு. ஓநாய் அவருக்கு மட்டும் சொந்தமில்லை.

இதற்கு மிசௌரி மாநிலம் முன்பே ஒரு வழி கண்டது. அங்கே வேட்டைக்காரர்களும் தூண்டில்காரர்களும் முன்னின்று, 1936-இல் வாக்கெடுப்பின் மூலம் அரசியல் சட்டத்தையே திருத்தினார்கள். காட்டுயிர் நிர்வாகத்துக்கு நான்கு பேர் கொண்ட ஆணையம் அமைந்தது. ஒரே கட்சியிலிருந்து இருவருக்கு மேல் கூடாது. 1976-இல் இன்னொரு வாக்கெடுப்பு, பொருளின் விலையில் ஒரு சதவீதத்தின் எட்டில் ஒரு பங்கை விற்பனை வரியாக வாங்கிக் காட்டுயிர்த் துறைக்கு ஒதுக்கியது. எட்டு டாலருக்குப் பொருள் வாங்கினால் ஒரு சென்ட். வாழ்நாளில் துப்பாக்கியே தொடாதவரும் அங்கே அந்த ஒரு சென்ட்டுக்குக் கணக்குக் கேட்கலாம்.