சந்தைக்குச் செல்லும் குடியானவர்களும் முகக்கவசமும்

விளைந்த பண்டம் விலையானால்தான் குடியானவருடைய பாடு பலனாகும். தொற்றுநோய் பரவியிருக்குங் காலத்திலும் தக்காளியும் கத்தரியும் செடியில் காத்து நிற்கமாட்டா. ஆகவே, சந்தைக்குப் போகலாகாது என்பதைக் காட்டிலும், போகிறவர் தம்மைக் காத்துக்கொள்ளும் வகையை அறிந்திருத்தலே பிரயோஜனமாகும்.

2020-ஆம் வருஷத்தில் கொரோனா நோய் உலகெங்கும் பரவியபோது, சென்னைக் கோயம்பேடு மொத்த வியாபாரச் சந்தையில் நேர்ந்தது இதற்குத் தக்க திருஷ்டாந்தமாகும். அங்கே வியாபாரிகள், சுமைகூலியாட்கள் முதலியோரிடையே நோய் பரவி, மே மாதம் 5-ந் தேதி சந்தை மூடப்பட்டது. காய்கறி வியாபாரம் சில தினங்களில் திருமழிசைக்கு மாற்றப்பட்டது. அதற்குள், சந்தையிலிருந்து ஊர் திரும்பினவர்கள் மூலமாகக் கடலூர், விழுப்புரம், அரியலூர் முதலிய ஜில்லாக்களுக்கும் நோய் சென்றுவிட்டது.

நோய் பரவும் விதம்

இந்நோய் இருமல், தும்மலால் மாத்திரமன்றி, பேசும்போதும் மூச்சு விடும்போதும் வெளிப்படும் நுண்ணிய துளிகளாலும் பரவுகிறது. நோய்க்குறி தோன்றாதவரிடமிருந்தும் அது பிறருக்குத் தொற்றும். உரக்கப் பேசுந்தோறும் துளிகள் அதிகமாகும். சந்தையில் விலை கூறுதலும் பேரம் பேசுதலும் உரத்த குரலிலேயே நடைபெறுகின்றன. அநேகர் அந்தச் சமயத்தில்தான் கவசத்தைத் தாடைக்கு இறக்கிவிடுகின்றனர். வயலைச் சுற்றி வேலியடைத்தபின், மாடு வரும் வேளையில் படலைத் திறந்து வைப்பதற்கு இது ஒப்பாகும்.

அணியும் முறை

கைகளைச் சோப்பிட்டுக் கழுவியபின் கவசத்தை அணிதல் வேண்டும். மூக்கு, வாய், மோவாய் மூன்றும் மறைந்து, ஓரங்களில் இடைவெளியின்றிப் படிந்திருக்க வேண்டும். முன்புறத்தைத் தொடலாகாது, நாடாவைப் பிடித்தே கழற்றி, மறுபடியும் கைகழுவ வேண்டும். வியர்வையால் நனைந்ததை உடனே மாற்றவேண்டுமாதலால், மாற்றுக்கு மற்றொன்று கையிலிருத்தல் நலம். ஒருவர் அணிந்ததை மற்றொருவர் அணியலாகாது. வால்வு வைத்த கவசம் வெளிவிடும் மூச்சை வடிகட்டாது. ஆதலால் அது பிறரைக் காக்க உதவாது.

துணிக்கவசம் நெருக்கமான நெசவில் மூன்று அடுக்குடையதாயிருத்தல் வேண்டும். தினந்தோறும் சோப்பிட்டுத் துவைத்து, ஒரு நிமிஷம் கொதிநீரிலிட்டு, நன்கு உலர்த்துதல் அவசியம். ஒரே தடவை உபயோகிப்பதற்கென்று செய்யப்பட்ட கவசத்தைத் துவைத்து அணியலாகாது. உபயோகித்ததை வரப்பிலோ வாய்க்காலிலோ எறிதலும் கூடாது.

முக்கிய எச்சரிக்கை

துணிக்கவசம் பூச்சிமருந்தின் நஞ்சைத் தடுக்காது. மருந்து தெளிக்கையில் முகத்திற் கட்டிய துணியையே சந்தைக்கும் அணிபவர், அதிற் படிந்த நஞ்சைச் சுவாசிக்க நேரும். இரண்டு வயதிற்குட்பட்ட குழந்தைகளுக்கும், மூச்சுத் திணறலுள்ளவர்களுக்கும், தாமே கழற்ற இயலாதவர்களுக்கும் கவசம் அணிவித்தலாகாது.

கவசம் ஒன்றே போதுமென்று நெருக்கடியில் நிற்பதும் தவறு. காற்றோட்டமுள்ள இடத்தில் விலகி நின்று, வியாபாரத்தை விரைவில் முடித்துத் திரும்புதல் வேண்டும். உலக சுகாதார ஸ்தாபனம் 2023-ஆம் வருஷம் மே மாதம் 5-ந் தேதி கொரோனா நோயின் சர்வதேச அவசரநிலை முடிவுற்றதாக அறிவித்தது. ஆயினும், மூச்சின் வழியாய்ப் பரவும் வேறு நோய் எப்பொழுதேனும் தோன்றலாம். சந்தையில் விற்ற பணத்துடன் நோயையும் வீட்டிற்குக் கொண்டுபோனால், திண்ணையில் காத்திருக்கும் முதியோரே முதலில் துன்புறுவர்.