காலடிச் சத்தம் யாருக்குச் சொந்தம்?

ஒரு தமிழ்ப் படத்தைத் தெலுங்கில் டப் பண்றாங்கன்னு வைத்துக்கொள்வோம். வசனத்தைத் தெலுங்கில் வேறொருவர் பேசிவிடுவார், சரி. கதாநாயகன் மாடிப்படி ஏறும் செருப்புச் சத்தம், அம்மா தட்டை மேசையில் 'டங்'குனு வைக்கிற சத்தம், பட்டுப்புடவையின் சரசரப்பு, இதெல்லாம் எங்கிருந்து வருது? தமிழ் வசனம் இருந்த டிராக்கைத் தூக்கிவிட்டால், அதோடு பதிவான சத்தங்களும் போயிருக்கணுமே?

ஏஐ வந்தால் சினிமா ஒலிக் கலைஞர்களின் வேலை என்ன ஆகும்னு யோசிக்கிறவங்க இந்தக் கேள்வியில் இருந்துதான் தொடங்கணும்னு நினைக்கிறேன். 'ப்ராம்ப்ட் அடிச்சா புலி உறுமுது, இனி ஆளே வேண்டாம்' என்ற பேச்சுதான் எங்கேயும் ஓடுது. ஆனால் இந்தத் தொழிலின் அஸ்திவாரத்தை அசைக்கிற மென்பொருள் வேறு ஒன்று. அதற்கு இவ்வளவு விளம்பரம் கிடையாது.

முதலில் தொழிலைப் பார்த்துவிடலாம். படத்தைத் திரையில் ஓடவிட்டு, அதில் இருப்பவரோடு சேர்ந்து நடந்து, உட்கார்ந்து, கதவைத் திறந்து, அந்தச் சத்தத்தை ஸ்டூடியோவில் புதிதாகப் பதிவு செய்வதற்கு ஃபோலி என்று பெயர். ஜாக் ஃபோலி என்ற மனிதரின் பெயர் அது. யுனிவர்சல் ஸ்டூடியோவில் இருந்தார். பேசும்படம் வந்த புதிதில், 1929-இல் வெளியான 'ஷோ போட்' படத்துக்குச் சத்தம் சேர்க்க வேண்டி வந்தபோது, படத்தை ஓடவிட்டு அதைப் பார்த்துக்கொண்டே ஆட்கள் நேரடியாகச் சத்தம் எழுப்பும் முறையை அவரும் கூட இருந்தவர்களும் செய்தார்கள். கிட்டத்தட்ட நூறு வருஷம் ஆகியும் வேலையின் அடிப்படை மாறவில்லை. மைக்கும் ரெக்கார்டரும்தான் மாறியிருக்கு.

வேலையை மூன்றாகப் பிரிப்பார்கள்: காலடி, துணி, கையாளும் பொருட்கள். ஸ்டூடியோ தரையில் சிமென்ட், டைல்ஸ், மரப்பலகை, மணல், ஜல்லி எனத் தனித்தனிக் குழிகள் இருக்கும். சுற்றிலும் பழைய இரும்புக்கடை மாதிரி சாமான் குவிந்திருக்கும். பனியில் நடக்கும் சத்தத்துக்குத் தோல் பையில் போட்ட சோளமாவு. எலும்பு முறிய செலரித் தண்டு. புல்தரைக்குப் பழைய ஆடியோ டேப் சுருள். குதிரைக் குளம்புக்குத் தேங்காய்ச் சிரட்டை. உண்மையான பொருளின் சத்தம் பல நேரம் மைக்கில் சப்பென்று விழும். அதனால்தான் இந்தப் பொய்கள்.

ஆனால் பொருள் சேர்ப்பது பாதி வேலைதான். மீதி நடிப்பு. வேலை போன விஷயத்தை வீட்டில் சொல்லத் தயங்கிப் படியேறும் ஒருவனின் காலடியும், சம்பள நாளில் அதே படியில் ஏறும் அதே ஆளின் காலடியும் ஒன்றில்லை. குதிகால் எவ்வளவு அழுத்தமாக விழுது, கடைசிப் படியில் ஒரு கணம் நிற்கிறானா, இதையெல்லாம் ஃபோலி கலைஞர்தான் முடிவு செய்கிறார். திரையில் அப்போது ஆளின் கால் தெரியவே வேண்டாம். முகம் மட்டும்தான் இருக்கும்.

நேரக்கணக்கும் உண்டு. சினிமாவில் ஒரு ஃப்ரேம் சுமார் 42 மில்லிசெகண்ட். சத்தம் படத்துக்கு முன்னால் வந்தால் 45 மில்லிசெகண்டிலேயே மனிதர்கள் கண்டுபிடித்துவிடுகிறார்கள். பின்னால் வந்தால் 125 மில்லிசெகண்ட் வரை கண்டுபிடிப்பதில்லை என்று சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் ஒளிபரப்புப் பரிந்துரை சொல்கிறது. ஏன் இந்த ஓரவஞ்சனை? இயற்கையில் சத்தம் எப்பவும் ஒளிக்குப் பின்னால்தான் வரும். தூரத்தில் துணி துவைப்பவரைப் பார்த்தால், கை ஓங்கின பிறகுதான் அடி கேட்கும். முன்னால் வருகிற சத்தத்தை மூளை பார்த்ததே இல்லை. ஆக, ஒரு ஃப்ரேம் முந்தினால் மாட்டிக்கொள்வோம், மூன்று ஃப்ரேம் வரை பிந்தினால் தப்பிக்கலாம். நல்ல ஃபோலி கலைஞரின் உடம்பில் இந்தக் கணக்கு ஊறியிருக்கும்.

இப்போ ஏஐக்கு வருவோம். சத்தத்தை உருவாக்கும் மாடல்கள் 2022, 2023-இல் இருந்து வேகமாக வருகின்றன. மெட்டாவின் ஆடியோஜென், பிறகு ஆடியோஎல்டிஎம், 2024-இல் கூகுள் டீப்மைண்ட் காட்டிய, வீடியோவைப் பார்த்து அதற்கேற்ற ஒலியை உருவாக்கும் ஆராய்ச்சி, 2025-இல் ஒலியோடே வீடியோவை உருவாக்கும் வியோ 3. இவை எல்லாம் நிஜமாகவே வேலை செய்கின்றன. கேலி செய்ய முடியாது. யூடியூப் வீடியோ, சின்ன விளம்பரம், அனிமேஷன் முன்மாதிரி இதற்கெல்லாம் போதும். மெகா சீரியலில் மாமியார் திரும்பும்போது மூன்று தடவை இடிக்கும் இடிச் சத்தத்துக்கு ஏஐ வரும் முன்பே ஆள் தேவைப்படவில்லை, ஒரு லைப்ரரி ஃபைல் போதுமானதாக இருந்தது. அந்த இடத்தைத்தான் இவை முதலில் பிடிக்கும்.

இவற்றின் எல்லை எங்கே என்று தெரிய, எதைப் படித்து வளர்ந்தன என்று பார்க்கணும். ஆராய்ச்சியில் அதிகம் பயன்படும் தொகுப்பு ஆடியோசெட். கூகுள் 2017-இல் வெளியிட்டது. யூடியூபில் இருந்து எடுத்த 20 லட்சத்துக்கும் மேற்பட்ட பத்து விநாடித் துண்டுகள், 527 லேபிள்கள். அதில் 'நடை, காலடி' என்பது ஒரே லேபிள். தாத்தாவின் காலடியும் திருடனின் காலடியும் அதே ஒரு பெட்டிக்குள். பிற்காலத் தொகுப்புகளில் ஒரு வாக்கிய விளக்கம் சேர்ந்தது. 'ஒருவர் மரத்தரையில் நடக்கிறார்' என்ற அளவுக்கு. ஏன் நடக்கிறார் என்று எழுத யாருக்கும் நேரமில்லை. மாடல் 'காலடி'யைக் கற்றது, 'தயக்க'த்தைக் கற்கவில்லை. ஒரு கருவியில் 'கொலுசு போட்ட பெண் சத்தம் வராம இருக்க மெதுவா நடக்கிறாள்' என்று கேட்டுப் பார்த்தேன். பரதநாட்டிய அரங்கேற்றம் வந்தது. விவரமாகக் கேட்டால் சரியாகலாம், நாளைய மாடல் இன்னும் நன்றாகவே செய்யலாம். அதனால் 'ஏஐக்கு உணர்ச்சி இல்லை, ஆகவே பயமில்லை' என்ற ஆறுதலை நான் சொல்ல மாட்டேன்.

எனக்கு முக்கியமாகப் படுவது அடுத்த விஷயம். நல்ல சினிமாவில் ஃபோலிக்கு இவ்வளவு நாள் சம்பளம் கிடைத்ததற்குக் கலை மட்டும் காரணமில்லை. இரண்டு கட்டாயங்கள் இருந்தன.

முதல் கட்டாயம் நம்ம ஊருக்கு உரியது. இந்தியாவில் பல பத்தாண்டுகளாகப் படப்பிடிப்பில் பதிவாகும் ஒலியை ஒரு குறிப்புக்காக மட்டுமே வைத்துக்கொண்டு, வசனத்தைப் பிறகு ஸ்டூடியோவில் டப் செய்தார்கள். அந்நாளைய ஆரிஃப்ளெக்ஸ் 2சி மாதிரி கேமராக்கள் தையல் மெஷின் போலச் சத்தம் போடும். சுற்றிலும் கூட்டம், ஜெனரேட்டர். 2001-இல் வெளியான 'லகான்' படப்பிடிப்புத் தளத்திலேயே ஒலியைப் பதிவு செய்தது அந்தக் காலத்துக்குப் பெரிய செய்தி. டப் செய்த படம் என்றால் மூல மொழியிலேயே திரை ஊமை. வசனம் தவிர எல்லாச் சத்தமும் புதிதாக வேண்டும்.

இரண்டாவது கட்டாயம் உலகம் முழுக்க உள்ளது. ஒரு படம் வேறு மொழிக்குப் போக வேண்டுமானால் வசனம் இல்லாத, இசையும் பிற சத்தங்களும் மட்டும் உள்ள ஒரு டிராக்கைத் தயாரிப்பாளர் கொடுக்கணும். எம் அண்ட் ஈ என்பார்கள். தளத்திலேயே அழகாகப் பதிவு செய்த படமானாலும், வசன டிராக்கை எடுத்தால் அதனுடன் ஒட்டியிருந்த காலடியும் தட்டுச் சத்தமும் போய்விடும். அந்த ஓட்டைகளை ஃபோலியால் அடைப்பார்கள். முதல் பத்தியில் கேட்ட கேள்விக்கு விடை இதுதான். ஒரு படம் நான்கைந்து மொழிகளில் ஒரே நாளில் வெளியாகும் இந்தக் காலத்தில் இந்த டிராக் இல்லாமல் வியாபாரமே இல்லை.

இந்த இரண்டையும் சத்தத்தைப் *பிரிக்கும்* ஏஐ நேரடியாகத் தொடுகிறது. 2019-இல் டீசர் நிறுவனம் வெளியிட்ட ஸ்ப்ளீட்டர், மெட்டாவின் டெமுக்ஸ் இரண்டும் பாட்டிலிருந்து குரலை உருவி எடுத்தன. பீட்டர் ஜாக்சன் குழு பீட்டில்ஸின் பழைய ஒலிப்பதிவுகளை இப்படித்தான் பிரித்தது. 2023-இல் வந்த 'நவ் அண்ட் தென்' பாட்டில் ஜான் லெனன் குரல் பியானோவிலிருந்து இப்படி மீட்டதுதான். அதே நுட்பத்தைச் சினிமா ஒலிக்குத் திருப்பி, பேச்சு, இசை, பிற சத்தம் என்று மூன்றாகப் பிரிக்கும் ஆராய்ச்சியும் நடக்குது. இதற்கான ஒரு போட்டிப் பிரிவே 2023-இல் நடந்தது.

அடிப்படை எளிது. ஒலியை அதிர்வெண்ணும் நேரமும் கொண்ட ஒரு படமாக மாற்றுகிறார்கள். அந்தப் படத்தின் ஒவ்வொரு புள்ளியிலும் எவ்வளவு பேச்சு, எவ்வளவு சத்தம் என்று மாடல் மதிப்பிடுது. பேச்சின் பங்கை மறைத்தால் மிச்சம் காலடி. உயிரெழுத்துகள் கோடு கோடாகத் தெளிவாகத் தெரியும், உருவுவது சுலபம். சிக்கல் 'ஸ', 'ஷ' மாதிரி மூச்சொலிகளில். அவையும் புடவைச் சரசரப்பும் ஜல்லியில் நடக்கும் சத்தமும் படத்தில் ஏறக்குறைய ஒரே மாதிரி பரவிய புகைதான். அதனால் இன்றைக்கு 'ஸ்' சொல்லும் இடங்களில் துணிச் சத்தம் கொஞ்சம் அரிக்கப்பட்டு வரும்; பெரிய திரையில் அது காதை உறுத்தும். ஓடிடியில், செல்போன் ஸ்பீக்கரில்? தயாரிப்பாளர் பார்த்துக்கொண்டு சும்மா இருப்பாரா?

சங்கிலியைப் பாருங்க. இரைச்சல் நீக்கும் ஏஐ நன்றாக இருந்தால், தளத்தில் பதிவான வசனத்தையே பயன்படுத்தலாம், டப்பிங் வேண்டாம். டப்பிங் இல்லையென்றால் மூலப் படத்தில் இயல்பான காலடி ஏற்கெனவே இருக்கும். முதல் கட்டாயம் தளர்ந்தது. பிறகு பிரிக்கும் ஏஐ, வசனத்தை உருவிவிட்டுக் காலடியை விட்டுவைத்தால் இரண்டாவதும் தளர்ந்தது. இதில் எங்கேயும் ஒரு சத்தம்கூட 'உருவாக்கப்படவில்லை'. ஆனால் பத்து நாள் ஃபோலி வேலை இரண்டு நாளாகிடும். கட்டாயத்தால் வந்த வேலை போய், இயக்குநர் விரும்பிக் கேட்கும் வேலை மட்டும் மிஞ்சும். வேலை தெரிந்த மூத்தவருக்கு அது கிடைக்கும். ஓட்டை அடைக்கும் அலுப்பான வேலையில்தான் புதுப் பையன் கை பழகினான். அவனுக்கு அது கிடைக்காது.

சட்டம் காப்பாற்றுமா? குரலுக்கு ஒரு முன்னுதாரணம் நம்ம கண் முன்னாடியே இருக்கு. 2024-இல் 'லால் சலாம்' படத்துக்காக மறைந்த பாடகர்கள் பம்பா பாக்யா, சாகுல் ஹமீது குரல்களை ஏஐ மூலம் ஏ.ஆர். ரஹ்மான் பயன்படுத்தினார். குடும்பங்களிடம் அனுமதி பெற்றதாகவும் உரிய ஊதியம் அனுப்பியதாகவும் அவரே அறிவித்தார். குரல் யாருடையது என்று கேட்டவுடன் தெரிவதால் இது முடிந்தது. காலடிச் சத்தத்தைக் கேட்டு 'இது இன்னார் நடந்தது' என்று சொல்ல ஆள் இருக்கா?

நான் வக்கீல் இல்லை, ஆனாலும் இந்தியக் காப்புரிமைச் சட்டத்தைப் புரட்டியபோது ஓர் இடத்தில் நின்றுவிட்டேன். 'நிகழ்த்துபவர்' யார் என்ற வரையறையில் நடிகர், பாடகர், இசைக் கலைஞர், கழைக்கூத்தாடி என்று போய், பாம்பாட்டி வரைக்கும் பெயர் சொல்லியிருக்கு. அதன்பின் 'நிகழ்ச்சி செய்யும் வேறு எவரும்' என்ற பொதுச்சொல். ஃபோலி கலைஞர் இதற்குள் வரலாம் என்று வாதிட இடமிருக்கிறதாகத்தான் எனக்குப் படுது. ஆனால் 2012 திருத்தம் ஒரு கொக்கி போட்டது: சினிமாவில் ஒருவரின் பங்கு தற்செயலானதாக இருந்து, தொழில் வழக்கப்படி டைட்டிலில்கூடப் பெயர் வராதவராகவும் இருந்தால் அவர் நிகழ்த்துபவராகக் கருதப்பட மாட்டார், ஒரு சிறு விதிவிலக்கோடு. டைட்டிலில் 'ஃபோலி' என்ற தலைப்பின் கீழ் பெயர் வருவதை நாம் வெறும் மரியாதையாக நினைக்கிறோம். நாளைக்கு அந்தப் பதிவை வைத்து ஒரு மாடலைப் பயிற்றுவித்தால், 'இதில் எனக்கும் பங்குண்டு' என்று கேட்க அந்த ஒரு வரி உதவலாம். ஸ்டூடியோவோடு போடும் ஒப்பந்தத்தில், 'இந்தப் பதிவுகளை இந்தப் படத்துக்கு மட்டும்' என்று ஒரு வாக்கியம் சேர்ப்பது அதைவிட உறுதி.

இந்தத் தொழிலுக்கு வர நினைக்கும் இளைஞர் கேட்டால் நான் சொல்வது ஒன்றுதான். இணையத்தில் இல்லாத சத்தங்களைப் பதிவு செய்யுங்க. ஆட்டுக்கல், ஏற்றம், கைத்தறி, தீப்பெட்டித் தொழிற்சாலை, நகராட்சி அலுவலகத்தின் பழைய தமிழ் டைப்ரைட்டர். அந்தக் காலத்துக் கதைப் படம் எடுப்பவர் இவற்றைத் தேடி வருவார், மாடலிடம் இருக்காது. ஆனால் நீங்க அதை ஃப்ரீசவுண்ட் தளத்தில் ஏற்றும்போது உரிமம் எது என்று ஒரு கேள்வி வரும். சிசி0 என்று டிக் போட்டால் யாரும் எதற்கும் எடுத்துக்கொள்ளலாம், உங்க பெயர்கூடச் சொல்ல வேண்டியதில்லை. பெயர் சொல்லணும் என்றும், வணிகத்துக்கு ஆகாது என்றும் வேறு இரண்டு தேர்வுகள் பக்கத்திலேயே இருக்கு. ஆடியோஎல்டிஎம் பயிற்சிக்கு எடுத்துக்கொண்டதில் ஃப்ரீசவுண்ட் ஒலிகளும் உண்டு. டிக் போடும் முன் அந்தப் பக்கத்தை ஒரு தடவை முழுசாப் படிச்சிருங்க.