பாத்ரூமுக்குள் கேஸ் கீசர் வேண்டாம்

குளிர்காலம் வந்தால் கடைகளில் கீசர் விற்பனை சூடுபிடிக்கும். கேஸ் வாங்கலாமா, கரண்ட் வாங்கலாமா என்று கேட்டால் விற்பவர் எடுத்த எடுப்பில் பில் கணக்கைத்தான் சொல்வார். அதைக் கேட்பதற்கு முன் உங்கள் பாத்ரூமை ஒருமுறை அளந்து பாருங்கள். அடுக்குமாடி வீடுகளில் பெரும்பாலும் ஐந்தடிக்கு ஏழடி இருக்கும். மேலே கண்ணாடிப் பட்டை வைத்த ஒரு சிறு வென்டிலேட்டர். கொசுவுக்கும் குளிருக்கும் பயந்து அதையும் அட்டை வைத்து அடைத்திருப்போம். எந்தக் கீசர் என்பதை முடிவு செய்ய வேண்டியது அந்த அட்டைதான்.

நிமிடத்துக்கு ஆறு லிட்டர் தரும் கேஸ் கீசர் முழுத் தீயில் எரிந்தால் மணிக்கு ஏறக்குறைய ஒரு கிலோ எல்பிஜி செலவாகும். ஒரு கிலோ எல்பிஜி முழுமையாக எரிய சுமார் 13 கன மீட்டர் காற்று வேண்டும். கால் மணி நேரக் குளியலுக்குக் கணக்குப் போட்டால் மூன்று கன மீட்டர். ஐந்தடிக்கு ஏழடி, எட்டடி உயரப் பாத்ரூமில் இருக்கும் மொத்தக் காற்றே எட்டு கன மீட்டர்தான். ஒருவர் குளித்து வெளியே வந்ததும் அடுத்தவர் உள்ளே போய்த் தாழ் போடும் வீடுகளில் நிலைமை இன்னும் மோசம். காற்றில் ஆக்சிஜன் குறையக் குறைய எரிவாயு அரைகுறையாக எரியும். கார்பன் மோனாக்சைடு உருவாகும். சிலிண்டர் கசிந்தால் வாடை வரும், ஏனென்றால் அந்த வாடையை எண்ணெய் நிறுவனங்கள் வேண்டுமென்றே கலந்திருக்கின்றன. கார்பன் மோனாக்சைடுக்கு வாடையும் கிடையாது, நிறமும் கிடையாது.

ரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபினை, ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேலான வலுவோடு இது பற்றிக்கொள்ளும். முதலில் தலைவலி, தலைசுற்றல், குமட்டல். பிறகு கால் துவளும். இதற்குள் வெளியே வந்துவிடலாம் என்று நினைக்கிறோம். ஆனால் தாழ்ப்பாளை விலக்கும் தெம்புகூட இல்லாமல் விழுந்தவர்கள் உண்டு. பெங்களூரிலும் வடமாநில நகரங்களிலும் குளிர்காலத்தில் இப்படிப்பட்ட மரணச் செய்திகள் திரும்பத் திரும்ப வருகின்றன. உயிர் பிழைத்தவர்களுக்கு வலிப்பு வந்து, அதைக் கால்கை வலிப்பு நோய் என்று எடுத்துக்கொண்டு மருந்து கொடுக்கப்பட்ட சம்பவங்களையும் இந்திய நரம்பியல் மருத்துவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். அவர்கள் இதற்கு வைத்த பெயரே ‘கேஸ் கீசர் சிண்ட்ரோம்’.

அதனால் குளிக்கப் போனவர் மயங்கிக் கிடந்தால் முதல் வேலை கதவைத் திறந்து அவரைத் திறந்த வெளிக்கு இழுத்து வருவது. பிறகு சிலிண்டரை மூடிவிட்டு 108-ஐ அழையுங்கள். மருத்துவமனையில், “கேஸ் கீசர் ஓடிக்கொண்டிருந்தது” என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். விரலில் மாட்டும் ஆக்சிமீட்டர் இந்த விஷத்தைப் பிரித்துக் காட்டாது; அளவு 98, 99 என்று நிம்மதியாகத்தான் நிற்கும். ரத்தத்தில் கார்பாக்சி ஹீமோகுளோபின் எவ்வளவு என்று பார்க்கும் பரிசோதனை வேண்டும், முகமூடி வழியே தூய ஆக்சிஜன் வேண்டும். தேறி வீடு திரும்பியவருக்குச் சில வாரம் கழித்து மறதி, நடைத் தடுமாற்றம் வந்தால் அதையும் இதே சம்பவத்தோடு சேர்த்து மருத்துவரிடம் சொல்ல வேண்டும்.

கேஸ் கீசர் எங்குமே கூடாது என்று சொல்லவில்லை. சர்வீஸ் பால்கனியிலோ வீட்டுக்குப் பின்புறம் திறந்த வெளியிலோ மாட்டி, வெந்நீரை மட்டும் குழாய் வழியே பாத்ரூமுக்குக் கொண்டுவரலாம். எக்ஸாஸ்ட் ஃபேன் இருக்கிறதே என்று உள்ளே மாட்டும் துணிச்சல் வேண்டாம். சுவிட்ச் போட மறந்த ஒரு நாள் போதும். ரெகுலேட்டரிலிருந்து வரும் சுரக்‌ஷா ஹோஸை ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை மாற்றுங்கள். பர்னரில் நீலத் தீ மஞ்சளாக மாறினாலோ மேலே கரி படிந்தாலோ கீசரை நிறுத்திவிட்டு மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள்.

கரண்ட் கீசரில் விஷவாயு இல்லை, ஷாக் இருக்கிறது. எர்த் சரியில்லாத பழைய வயரிங்கில் ஈரத்தோடு நிற்பவருக்கு அதுவே எமன். 2,000 வாட் கீசருக்கு 16 ஆம்பியர் பவர் பிளக்கும் உண்மையான எர்த்தும் வேண்டும். 30 மில்லி ஆம்பியர் கசிவிலேயே மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்சிசிபியும் வேண்டும். எலக்ட்ரீஷியன்கள் பலர் இதை இன்னமும் ஈஎல்சிபி என்றே சொல்வார்கள். கீசர் விலையோடு ஒப்பிட்டால் இது சிறு செலவு. வீட்டில் மற்ற எல்லாவற்றுக்கும் சேர்த்தே காவல். போர் தண்ணீரில் உப்பு அதிகமுள்ள ஊர்களில் சேஃப்டி வால்வு அடைத்துக்கொள்ளும். அழுத்தம் வெளியேற வழியில்லாமல் டேங்க் வெடிக்கலாம். வால்விலிருந்து சொட்டுகிறது என்று அந்த வாயை அடைத்துவிடும் பிளம்பரைத் தடுத்து நிறுத்துங்கள். தெர்மோஸ்டாட் 50 டிகிரி போதும். 60 டிகிரி தண்ணீர் சில நொடிகளிலேயே தோலைப் பொசுக்கும். குழந்தைக்கு அதைவிட வேகமாக. வாளியில் போடும் ராடு எல்லாவற்றிலும் ஆபத்தானது. பிளக்கைப் பிடுங்காமல் வாளியையோ தண்ணீரையோ தொடக் கூடாது.

பில்லுக்கு வருவோம். 20 லிட்டர் வாளித் தண்ணீரை 27 டிகிரியிலிருந்து 42 டிகிரிக்குச் சூடாக்க ஏறக்குறைய 0.35 யூனிட் மின்சாரம் போதும். கேஸ் என்றால் 35 கிராம் அளவில். 14.2 கிலோ சிலிண்டரின் இன்றைய விலையையும், இலவச யூனிட் கழித்து உங்கள் வீட்டுக்கு விழும் கட்டணப் படியையும் வைத்து நீங்களே பெருக்கிப் பார்க்கலாம். வித்தியாசம் வாளிக்கு ஓரிரு ரூபாய்க்குள் அடங்கிவிடும். அந்த ஓரிரு ரூபாய்க்காக மூடிய அறைக்குள் தீயை எரிய விடக் கூடாது என்பதே என் உறுதியான கருத்து.

வாங்கும்போது ஐஎஸ்ஐ முத்திரையைத் தேடுங்கள். டேங்க் வைத்த கரண்ட் கீசருக்கு ஐஎஸ் 2082, கேஸ் கீசருக்கு ஐஎஸ் 15558. முத்திரையின் கீழுள்ள சிஎம்/எல் எண்ணை பிஐஎஸ் கேர் செயலியில் போட்டால் உரிமம் உண்மையா என்று தெரியும். பில் கேட்டு வாங்குங்கள், பொருத்திய ஆளிடமும் ரசீது வாங்குங்கள். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, குறைபாடுள்ள பொருளுக்கு மட்டுமின்றி, ஆபத்தைப் பற்றிப் போதிய எச்சரிக்கை தராததற்கும் தயாரிப்பாளர் பொறுப்பு. தவறாகப் பொருத்திய சேவைக்கும் இழப்பீடு கேட்கலாம். நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே இரண்டு ஆண்டுக்குள் புகார் தரலாம்; பொருளின் விலை ரூ.5 லட்சம் வரை என்றால் கட்டணம் கிடையாது. ஆலோசனைக்கு 1915.

வாடகை வீட்டில் இருப்பவர்கள் ஒப்பந்தத்தைப் படியுங்கள். தமிழ்நாட்டின் 2017 வாடகைச் சட்டப்படி, வேறுவிதமாக எழுதிக்கொள்ளாவிட்டால் வயரிங் வீட்டுக்காரர் பொறுப்பு, கீசர் பழுது குடியிருப்பவர் பொறுப்பு. எர்த் இல்லை என்றால் வாட்ஸ்அப்பிலாவது எழுத்தில் தெரிவித்துப் பத்திரப்படுத்துங்கள்.

பலரும் அறியாத ஒன்று இருக்கிறது. சிலிண்டர் விபத்துக்கு எண்ணெய் நிறுவனங்கள் எடுத்துள்ள காப்பீட்டில், உயிரிழப்புக்கு ஒருவருக்கு ரூ.6 லட்சம் வரை கிடைக்கும். அதற்கு நுகர்வோர் தனியாகப் பிரீமியம் கட்ட வேண்டியதில்லை. ஆனால் அந்தக் காப்பீடு எல்பிஜியால் ஏற்பட்ட தீ விபத்தைத்தான் பேசுகிறது. தீயே பற்றாமல் கார்பன் மோனாக்சைடால் நேரும் மரணத்துக்கு அதை நம்பி இருக்க முடியாது. அப்படி ஒன்று நேர்ந்த வீட்டில், துக்கத்தின் நடுவிலும் யாராவது ஒருவர் காவல் நிலையத்தில் புகார் பதிவு செய்யுங்கள். பிரேதப் பரிசோதனையில் கார்பாக்சி ஹீமோகுளோபினைப் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். கீசரைக் கழற்ற விடாதீர்கள், போட்டோ எடுத்து வையுங்கள். ஆணையத்தில் வழக்கு நிற்பது இந்தச் சான்றுகளின் மேல்தான்.

உங்கள் பாத்ரூமுக்குள் கேஸ் கீசர் இப்போது இருந்தால், வெளியே மாற்ற இந்த வாரமே ஆளைக் கூப்பிடுங்கள். அதுவரை கதவைத் திறந்து வைத்து வாளியில் வெந்நீர் பிடியுங்கள். கீசரை நிறுத்தி, சிலிண்டரை மூடி, சற்று நேரம் காற்றோட விட்ட பிறகே உள்ளே போய்த் தாழ் போடுங்கள்.